நெட்டையனும் கூனனும்

அல்லாலுக்குத் தன் மூக்கின்மேல் இருந்த நம்பிக்கை தன் கோவேறு கழுதையின்மேல்கூட இருந்ததில்லை. கழுதையாவது எப்போதாவது வழி தவறும் என்பார்.

திதிகின் மலைச்சரிவில் கஞ்சாவுக்குக் ‘கிஃப்’ என்று பெயர். அல்லால் குடும்பத்தின் கிஃப் வயல் ஒரு மலை மடிப்புக்குள் தனியாகக் கிடந்தது. சுற்றிலும் தேவதாரு மரங்கள். அடுத்தவர் வயலின் மகரந்தம் அதற்குள் எட்டிப் பார்க்காது. அங்கே விளைந்த நாட்டுச் செடியை அறுத்துக் கூரையில் காயப்போட்டால், தெருவில் போகிறவர்கள் நின்று ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டுத்தான் போவார்கள். நாரத்தை இலையைக் கசக்கியது போன்ற வாசம். அதற்கு அடியில் தேவதாருப் பிசினின் மெல்லிய கசப்பு. வெளிநாட்டு விதையைப் போட்டுக் கிணற்றையே வற்ற அடித்தவர்களின் செடிகளில் அது வராது. சந்தையில் அதற்கு ‘அல்லாலின் மணம்’ என்று பெயரே ஆகிவிட்டது.

“சும்மா வந்ததா மச்சான் இது?” என்று அல்லால் தன் மனைவியின் அண்ணன் பூஜ்மாவிடம் மூக்கைத் தட்டிக் காட்டுவார். “வருஷா வருஷம் மணக்கிற தாயா மோந்து பாத்து, அதோட விதையை மட்டும் எடுத்து வெக்கிறேன்.”

“அந்த மூக்கையே அறுத்து விதைச்சிரு மாப்பிள்ளை. எடம்தான் பத்தாது” என்பார் பூஜ்மா.

மீமூனா இரண்டு பேருக்கும் தேநீர் ஊற்றிவிட்டு உள்ளே போய்விடுவாள். அண்ணனுக்கும் கணவனுக்கும் நடுவில் உட்கார்ந்தால் காது வலிக்கும்.

சட்டம் மாறி, மருந்துக்கும் எண்ணெய்க்கும் கிஃப் வாங்கும் கூட்டுறவுச் சங்கம் வந்த பிறகு அந்த மணத்துக்கு மதிப்பு கூடியது. சங்கத்திலிருந்து நிஸ்ரீன் என்ற இளம் பெண் வந்தாள். வேளாண்மை படித்தவள். கூரையில் காய்ந்த பூவை முகர்ந்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டதை அல்லால் பிறகு ஊர் முழுக்க நடித்துக் காட்டினார். மலைச்சரிவு முழுவதற்கும் நாட்டு விதை கொடுக்க ஒரே ஒரு விதைவயலைச் சங்கம் தேர்ந்தெடுக்கப் போவதாக அவள் சொன்னாள். இந்த மணம் நிலையாக நின்றால் அது இந்த மடிப்பாகத்தான் இருக்கும். இல்லையென்றால் இரண்டாவதாகப் பார்த்துவைத்திருப்பது மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பூஜ்மாவின் வயல்.

அன்று முதல் அல்லாலின் நடையே மாறிவிட்டது. அவர் இல்லாத இந்த நாட்களிலும் அந்த நடையை நினைத்தால் மீமூனாவுக்குச் சிரிப்பு வரும். சேவல் ஈரத்தரையில் நடப்பதுபோல ஒவ்வொரு காலையும் தூக்கித் தூக்கி வைப்பார்.

அடுத்த வசந்தத்தில் விதைத்த செடி இடுப்பளவு வந்தபோது, ஒரு காலை அல்லால் இலையைக் கசக்கி முகர்ந்தார். இன்னொன்றைக் கசக்கினார். வயலின் கோடி வரை போய்த் திரும்பி வந்தார்.

“மீமூனா, எனக்குச் சளி பிடிச்சிருக்கா?”

“தும்மலையே?”

“அப்ப நீ மோந்து பாரு.”

அவள் முகர்ந்தாள். நாரத்தை இல்லை. எங்கோ ஒரு மூலையில் அதன் நிழல்போல ஏதோ இருந்தது, அவ்வளவுதான். மற்றபடி நனைந்த வைக்கோல்.

அல்லால் முதலில் எருவைக் குறை சொன்னார். பிறகு மழையை. பிறகு, வேலியோரம் ஒண்ணுக்குப் போன பூஜ்மாவின் ஆட்டை. பூஜ்மா வந்து ஒரு இலையைக் கசக்கி, முகர்ந்து, தாடியைத் தடவிக்கொண்டார்.

“நல்ல வாசம் மாப்பிள்ளை. எங்க கொட்டகையில மழை ஒழுகினா இதே வாசம்தான் வரும்.”

அல்லால் அன்று இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. பூஜ்மா கேலி செய்ததால் அல்ல, அது தினமும் நடப்பது. கை கழுவும்போது விரலை மூக்கருகே கொண்டுபோய், அங்கே ஒன்றும் இல்லாமல், கையை மெதுவாக இறக்கியதை மீமூனா பார்த்தாள்.

ஜூன் பிறந்ததும் நிஸ்ரீன் வந்தாள். புதினாத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே இலையை விரலில் உருட்டினாள்.

“தாய்ச் செடி எல்லாம் போன வருஷத்து நல்ல செடிதானே பெரியப்பா?”

“நானே மோந்து எடுத்த விதை.”

“சரி. அப்பா யாரு?”

அல்லால் தேநீர்க் குவளையைத் தரையில் வைத்தார். அந்த மலையில் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு எழுந்து போக முடியாது.

“என்னம்மா கேட்டே?”

“செடிக்குத்தான் பெரியப்பா!” நிஸ்ரீனுக்கு முகம் சிவந்துவிட்டது. “மணத்துல பாதி தாய் குடுக்குது, பாதி தகப்பன் குடுக்குது. போன வருஷம் எந்த ஆண்செடியை விட்டு வெச்சீங்கன்னு கேட்டேன். அடுத்த வருஷச் செடியில மணம் திரும்பி வந்துருச்சுன்னா நான் சங்கத்துல பேசிக்கிறேன். வரலேன்னா உங்க மச்சான் வயலுக்குத்தான் போகும்.”

அவள் போன பிறகும் அல்லால் புலம்பிக்கொண்டிருந்தார். “ஆம்பளைச் செடிக்கு ஏது வாசம்? பூ பூக்குதா அது? வேலிக்கம்பு மாதிரி நிக்குது. நாலு நாள் தூள் கொட்டுது, சாவுது. என் செடிக்கு அப்பன் யாருன்னு கேக்குறா!”

மீமூனா அடுப்படியில் கையில் மாவோடு அப்படியே நின்றுவிட்டாள். அப்பன் யார் என்பது அவளுக்குத் தெரியும்.

கிஃப்பில் ஆண் தனிச் செடி, பெண் தனிச் செடி. ஆண்கள் முந்திக்கொண்டு மொட்டு விடும். உடனே பிடுங்காவிட்டால் பெண்பூவெல்லாம் விதையாகிவிடும். விதைக்கென்று ஒன்றை மட்டும் விட்டுவைப்பார்கள். பிடுங்குவது பெண்களின் வேலை. அந்தப் பறிப்பு நாட்களில் எந்த ஆணும் வயல் பக்கம் வரமாட்டான். காரணம், பறிப்புப் பாட்டு. அந்த நாட்களில் பெண்கள் தங்கள் கணவன்மாரைப் பற்றி எதை வேண்டுமானாலும் பாடலாம். குறட்டை, கஞ்சத்தனம், கல்யாண இரவில் கால் தடுக்கி விழுந்தது, எதுவும் தப்பாது. பாடியதற்காக வீட்டில் யாரும் கோபிக்கக்கூடாது. தெரியாமல் வந்து மாட்டிக்கொண்ட ஆண், வயலைவிட்டு வெயில் இறங்கும்வரை பதில் பேசாமல் கூடவே குனிந்து பிடுங்க வேண்டும். அதனால் ஆண்கள் அந்த நாட்களில் சந்தையிலேயே குடியிருப்பார்கள். எந்த ஆண்செடி நின்றது, எது போனது என்பது அவர்களுக்குத் தெரிந்ததே இல்லை.

எது நின்றது என்றால், மீமூனாவின் ரொட்டி மூட்டைக்குக் காவலாக எது நின்றதோ அது. பறிப்பின் முதல் நாள் காலையில் அவள் ஆண்செடிகளின் தண்டை ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்ப்பாள். எதில் நாரத்தை வாசம் தூக்கலாக அடிக்கிறதோ அதன் அடியில் மதியச் சாப்பாட்டு மூட்டையை வைப்பாள். ஈ அண்டாது. மூட்டைக்கு நிழல் வேண்டுமே என்று அந்தச் செடியைப் பிடுங்காமல் விடுவார்கள். கல்யாணமாகி வந்ததிலிருந்து இப்படித்தான். மாமியார் உருளைக்கிழங்கு ரொட்டியில் ஈ உட்கார்ந்தால் தொடமாட்டார், அதற்காகத் தொடங்கிய வழக்கம்.

போன வருடப் பறிப்பின்போது அவள் இங்கே இல்லை. டெத்துவானில் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். அந்த வருடம்தான் அல்லால் வயல் வாசலோரம் நின்ற ஓர் உயரமான ஆண்செடியைப் பார்த்து மயங்கி, அதில் தன் தலைப்பாகையிலிருந்து சிவப்பு நூலைக் கட்டி, “இதை மட்டும் விடுங்க” என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனார். வயல்காரன் நூல் கட்டிய செடியில் பெண்கள் கைவைக்கமாட்டார்கள். மற்றதெல்லாம் போயிற்று.

மறுநாள் காலை பைஸாராக் கூழில் எண்ணெய் ஊற்றியபடி, வழக்கமான ‘ஸீ’ என்ற மரியாதைச் சொல்லோடு மீமூனா தொடங்கினாள்.

“ஸீ அல்லால், ஒண்ணு சொல்லணும். அந்த ஆண்செடி விஷயம்…”

“அதேதான் நானும் யோசிச்சேன்! அந்தப் பொண்ணு சொல்றதுல ஏதோ இருக்கு. அப்பன் முக்கியம்னா நல்ல வம்சமாப் பாப்போம். போன வருஷ நெட்டையனோட புள்ளை ஒருத்தன் வாசலோரமே நிக்கிறான், பாத்தியா? அப்பனை விட ஒரு முழம் ஒசரம். என்ன தோள், என்ன நிமிர்வு! எங்க தாத்தா மாதிரி.”

“அவன் மணக்கிறானான்னு…”

“மணம் தாய்கிட்ட வரும். அப்பன்கிட்ட பலம் வரும். உனக்கு அம்மா மூக்கு, பூஜ்மாவுக்கு உங்கப்பன் முதுகு. பாத்தாலே தெரியலையா?”

“நான் சொல்ல வர்றதை முழுசா…”

“இன்னும் கொஞ்சம் ரொட்டி குடு.”

அல்லாலிடம் பேச்சைத் தொடங்குவது எளிது. முடிப்பதுதான் யாராலும் ஆனதில்லை. அன்று மாலையும் முயன்றாள். மறுநாளும் முயன்றாள். நெட்டையனின் தண்டைத் தேய்த்து அவர் மூக்கருகே விரலை நீட்டினாள். அவர் அப்போதுதான் புகைக்குழலைக் கீழே வைத்திருந்தார். “ஆகா, புகையிலை வாசம்!” என்றார். சிவப்பு நூலைக் கட்டிவிட்டார்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. ‘அல்லாலின் மணத்தில் பாதி என் ரொட்டி மூட்டையுடையது’ என்பதை அவள் எப்படிச் சொல்வது? அது அண்ணன் காதுக்குப் போனால் அல்லால் இனிச் சந்தைப் பக்கம் தலைகாட்ட முடியாது. சொல்லாவிட்டால் விதைவயல் போகும். அவளுக்கு விதைவயலைப் பற்றிப் பெரிய ஆசை இல்லை. கை கழுவும்போது அவர் விரலை முகர்ந்து பார்த்துவிட்டு இறக்கும் அந்த முகத்தை இன்னொரு வருடம் பார்க்க அவளால் ஆகாது.

பறிப்பின் முதல் நாள் விடிந்ததும் அவள் வயலுக்குப் போய்த் தண்டுகளைத் தேய்த்துக்கொண்டே நடந்தாள். வைக்கோல், வைக்கோல், பச்சை மிளகு, வைக்கோல். மேல்சுவரின் அடியில், கல்லுக்கு இடையில் முளைத்து வெளிச்சத்துக்காக வளைந்து வளைந்து முதுகு கூனிப்போன ஒன்று இருந்தது. தேய்த்தாள். நாரத்தை மணம் அவள் முழங்கை வரை ஏறியது. பழைய தாயின் பாதி எப்படியோ இவனிடம் முழுசாக வந்து சேர்ந்திருந்தது.

“வாடா கூனா” என்று மூட்டையை அவன் காலடியில் வைத்தாள்.

ஆனால் நெட்டையனும் கூனனும் சேர்ந்து நின்றால் பயனில்லை. நெட்டையன் ஒரு நாளில் கொட்டும் தூளைக் கூனன் ஒரு வாரத்தில் கொட்டமாட்டான். அல்லாலின் தங்கை யாமினா இடுப்பில் கைவைத்து நூலைப் பார்த்தாள்.

“அண்ணி, நூலு தானா அவுந்து விழுந்துச்சுன்னு சொல்லிருவோமா?”

“வேண்டாம்டி. அது அவர் கட்டினது.”

“அப்ப அவரே வந்து புடுங்குவாரா?”

கேட்டு வாய் மூடவில்லை, வேலிக்கு அப்பால் அல்லாலின் தலைப்பாகை தெரிந்தது. முந்தின நாள் யாமினா விளையாட்டாக, “உங்க நெட்டையனைத்தான் முதல்ல புடுங்கப் போறோம்” என்று சொல்லியிருந்தாள். அவருக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு காதிலும் கம்பளிப் பஞ்சை அடைத்துக்கொண்டு வந்து, நெட்டையன் பக்கத்தில் சுவர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

“நான் வரலைன்னு வெச்சுக்கங்க!” என்று காது அடைத்தவர்கள் பேசும் உரத்த குரலில் கத்தினார். “எனக்கு ஒண்ணும் கேக்காது! கேக்கலைன்னா வழக்கம் மீறினதா ஆகாது!”

யாமினா தாளத்துக்கு ஒரு பழைய தகரத்தைத் தட்டத் தொடங்கினாள். பூஜ்மாவின் மனைவி எடுத்ததுமே கணவனின் கஞ்சத்தனத்தில் தொடங்கினாள். ஒரே தேயிலையில் ஒரு வாரம் ஓட்டுகிற கதை. எல்லோரும் குனிந்து பிடுங்கிக்கொண்டே சிரித்தார்கள். அல்லால் சுவர்மேல் நிமிர்ந்து உட்கார்ந்து தேவதாருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் சிரிப்பு கூடக்கூட அவருடைய ஒரு கை மெல்ல மேலே போயிற்று. காதைச் சொறிவதுபோல ஒரு பஞ்சை உருவி மடியில் போட்டுக்கொண்டார்.

மீமூனா அதைப் பார்த்தாள். அவர் வாயைத் திறக்க முடியாத ஒரே இடத்தில் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறார். இடையில் பேச முடியாது. ரொட்டி கேட்க முடியாது. அவள் முதுகை நிமிர்த்தினாள்.

“வாசலோரம் நெட்டையனுக்குச் சிவப்பு நூலு கட்டினாரு,
வாசம் பாக்க மறந்து போயி ஒசரம் பாத்து மெச்சினாரு!”

பெண்கள் திருப்பிப் பாடினார்கள். அல்லாலின் தலை திரும்பியது.

“ரொட்டி மூட்டை காத்து நின்ன கூனன் பேரு தெரியுமா?
எட்டு ஊரு மெச்சினது அவன் வம்ச மணம், புரியுமா?”

அல்லால் வாயைத் திறந்தார். யாமினா தகரத்தை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். மூடிக்கொண்டார்.

“டெத்துவானு போனேன் நானு பேரனைத்தான் பாக்கவே,
கூனன் வம்சம் போச்சுதையா நெட்டையனைச் சேக்கவே!”

மூன்றாவது முறை அதைத் திருப்பிப் பாடும்போது வயலில் சிரிப்பு குறைந்திருந்தது. பெண்கள் எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. ஒவ்வொருத்தியும் ரொட்டி மூட்டையைப் பார்த்தாள், பிறகு சுவர்மேல் இருந்தவரைப் பார்த்தாள்.

அல்லால் இறங்கினார். பெண்களுக்கு நடுவே யாரையும் பார்க்காமல் மேல்சுவருக்கு நடந்தார். குனிந்து கூனனின் தண்டைக் கட்டைவிரலால் தேய்த்தார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். வெகுநேரம் அப்படியே குந்தியிருந்தார். தகரம் நின்றுவிட்டது. மீமூனா கையிலிருந்த செடியைக் கீழே போட்டாள். இப்படி எல்லோர் முன்னாலும் பாடியிருக்க வேண்டாமோ?

அவர் எழுந்து திரும்பி வந்தார். நெட்டையனின் முன் நின்று அண்ணாந்து ஒருமுறை பார்த்தார். தாத்தாவிடம் விடைபெறுவதுபோல இருந்தது. நூலை அவிழ்த்துத் தலைப்பாகையில் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் தண்டைப் பிடித்து, ஒரே இழுப்பில் வேரோடு பிடுங்கினார். மண் அவர் தாடியெல்லாம் தெறித்தது. பிறகு பெண்களின் வரிசையில் போய்ச் சேர்ந்து, குனிந்து, வெயில் வயலைவிட்டு இறங்கும்வரை பிடுங்கிக்கொண்டே இருந்தார். யாமினா அவரைப் பற்றி இன்னும் சில வரிகள் கட்டினாள். அதில் கல்யாண இரவும் வந்தது. சிரிப்பில் அவர் முதுகு மட்டும் குலுங்கியது.

வெயில் இறங்கியதும் வழக்கப்படி அவருக்கு வாய் திறந்தது. வீட்டுக்குப் போகும் பாதையில் தாடியிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

“இதை வீட்டுலயே சொல்லியிருக்கலாமே?”

மீமூனா நின்று அவரைப் பார்த்தாள். அவர் அவசரமாக, “சரி சரி” என்றார். பிறகு, “ரெண்டாவது பாட்டுல எட்டு ஊருன்னு பாடினே. ஒம்பது. சந்தைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊரை விட்டுட்டே.”

அந்தப் பறிப்பில் பாடியதை எந்தப் பெண்ணும் வெளியே சொல்லவில்லை. பூஜ்மாவின் மனைவிகூடச் சொல்லவில்லை. பாட்டு வயலைத் தாண்டக்கூடாது என்பதும் வழக்கம்தான். அல்லாலின் மானம் மடிப்புக்குள்ளேயே பத்திரமாக இருந்தது.

மறு வருடம் முளைத்த செடிகள் எல்லாமும் மணந்துவிடவில்லை. ஆனால் மணந்தவை வழியில் போகிறவர்களை நிறுத்தின. மணக்காத தாய்களை அல்லால் தேடித் தேடிப் பிடுங்கினார். ஆண்களை மீமூனா பார்த்துக்கொண்டாள். நிஸ்ரீன் வந்து பூவைக் கிள்ளிக்கொண்டு போனாள். சங்கத்தின் கருவியும் அவள் மூக்கும் ஒரே பதிலைச் சொன்னதாகத் தகவல் வந்தது.

விதைவயலை அறிவிக்க ஒரு வியாழக்கிழமை சங்கக் கட்டடத்தில் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆண்கள் முன்னால் நாற்காலிகளில், பெண்கள் சன்னலோரம். சங்கத் தலைவர் அல்லாலின் பெயரைச் சொல்லிவிட்டு, போன மணத்தை எப்படித் திரும்பக் கொண்டுவந்தார் என்பதை மற்றவர்களுக்கும் சொல்லும்படி கேட்டார்.

“சொல்லு மாப்பிள்ளை” என்றார் பூஜ்மா. முகம் கொஞ்சம் தொங்கியிருந்தாலும் வாய் தொங்கவில்லை. “மூக்குக்கு என்ன எண்ணெய் போட்டே?”

அல்லால் எழுந்து தொண்டையைச் செருமினார். சேவல் நடை நடந்து முன்னால் வந்தார். மீமூனா கண்ணை மூடிக்கொண்டாள். மூக்குக் கதை முழுவதையும் முதலிலிருந்து கேட்டாக வேண்டும்.

“நான் பறிப்பு நாள்ல வயலுக்குப் போனேன்” என்றார் அல்லால்.

ஒரு கிழவர் தேநீரைச் சிந்தினார்.

“காதுல பஞ்சு வெச்சுக்கிட்டுத்தான் போனேன். அப்புறம் எடுத்துட்டேன். பாட்டுல சொன்னாங்க. இத்தனை வருஷமா என் வயல் மணந்தது என் மூக்கால மட்டும் இல்ல. என் வீட்டுக்காரி ரொட்டி மூட்டையில ஈ மொய்க்கக்கூடாதுன்னு ஒரு ஆண்செடியை மோந்து மோந்து விட்டு வெச்சிருக்கா. தாயை நான் பாத்தேன், தகப்பனை அவ பாத்தா. நான் பாத்த வருஷம்தான் கொட்டகை வாசம் வந்துச்சு. பேரை எழுதுறதா இருந்தா ரெண்டு பேரையும் எழுதுங்க.”

முதலில் சிரித்தது பூஜ்மா. நாற்காலியிலிருந்து சரிந்துவிடும் அளவுக்குச் சிரித்தார். “பாட்டுக் கேட்டானாம்! ஈ ஓட்டின மூட்டையாம்! யா ரப்பி, நான் இத்தனை வருஷம் ஒரு ரொட்டி மூட்டைகூடவா போட்டி போட்டேன்!” பிறகு கூடமே சிரித்தது. அதை வைத்து அல்லாலை அவர்கள் கடைசிவரை ஓட்டினார்கள். இரண்டு அறுவடைகளுக்குப் பிறகு அவர் இறந்தபோது ஜனாஸாவுக்கு வந்தவர்கள்கூட வெளியே செருப்பைத் தேடும்போது அதைச் சொல்லித் தாடிக்குள் சிரித்துக்கொண்டார்கள். மீமூனாவுக்கு அது கேட்டது. கேட்டது நல்லதாகவே இருந்தது.

ஆனால் அந்த வியாழக்கிழமை அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கழுதைப் பாதையில் திரும்பும்போது பொரிந்து தள்ளினாள்.

“அத்தனை பொம்பளைங்க வாயைக் கட்டி வெச்சிருந்தாங்க, ஸீ அல்லால். என் அண்ணி, அவகூட! உங்க மானத்தை மூடி வெக்க நாங்க பட்ட பாடு… நீங்களே கொண்டுபோய் நடுக்கூடத்துல கொட்டிட்டீங்களே?”

அல்லால் கழுதையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்துகொண்டிருந்தார்.

“மூடி வெச்சா வெக்கைதான் அடிக்கும்” என்றார். “இப்பக் காத்து வருது. இன்னும் ஏதாவது திட்டணும்னா திட்டிரு. வெயில் இறங்கலை. நான் பேசமாட்டேன்.”

வீடு வரும்வரை அவர் பேசவில்லை. அவளும் விடவில்லை.